மணிக்கட்டில் ஒரு பனியன் துண்டு

எங்கள் கம்பெனியில் ஊசி உடைந்தால் வேலை நிற்கும். தையல் மிஷினில் ஊசி முறிந்த உடனே டெய்லர் கையைத் தூக்கிக் குரல் கொடுக்க வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையும் கிடைத்து, ஒட்டி வைத்துப் பார்த்து, முழு ஊசியும் சேர்ந்தால்தான் புது ஊசி தருவார்கள். எங்கோ கடல் தாண்டி ஒரு குழந்தை போடப்போகும் சட்டைக்குள் ஒரு முனை ஒளிந்துகொண்டு போய்விட்டால் என்னாவது என்ற பயம். அது நல்ல பயம்தான். அதனால் கம்பெனியின் பின்பக்கம் இருக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கு நான் டீச்சராக வந்ததும் அதே சட்டத்தை என் பிள்ளைகளுக்கும் போட்டேன். கூர்மையாக எதைப் பார்த்தாலும் தொடாதே, எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் காட்டாதே, நின்ற இடத்தில் நின்று "ஊசி!" என்று கத்து.

கத்தினார்கள். விளக்குமாற்றுக் குச்சிக்கு ஊசி, சாப்பாட்டில் வந்த மீன் முள்ளுக்கு ஊசி, வாசலில் கிடந்த தென்னை ஈர்க்குச்சிக்கு ஊசி. ஒரு நாள் முதலாளியின் வீட்டம்மா பட்டுச்சேலையில் எங்களைப் பார்க்க வந்தார். தோளில் குத்தியிருந்த பின்னை ஒரு குட்டி பார்த்துவிட்டது. "ஊசி!" என்றது. அடுத்த நொடி மொத்தக் கூட்டமும் நின்ற இடத்தில் நின்று அந்தம்மாவின் தோளை நோக்கி விரலை நீட்டிக் கத்தியது. அவர் பாவம், பல்லி விழுந்துவிட்டதோ என்று பதறிப்போய்ச் சேலையை உதறினார். நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். முன்பு இதே கம்பெனியில் நானும் மிஷினில் உட்கார்ந்து கழுத்துப்பட்டி ஏற்றியவள்தான். சூப்பர்வைசரிடம் எதிர்த்துப் பேசிப் பேசியே பாதி ஆயுள் போயிற்று. "இந்தம்மாவ பொடுசுங்ககிட்ட விட்டா அடங்கிருவாங்க" என்று யாரோ யோசனை சொல்லியிருக்க வேண்டும். அடங்கத்தான் செய்தேன். மூன்று வயதுப் பிள்ளையிடம் வாய் கொடுத்து ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

காப்பகத்துக்கு வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் கட்டிங்கிலோ, செக்கிங்கிலோ, பேக்கிங்கிலோ வேலை பார்ப்பவர்கள். மதுரைப் பக்கம், திருநெல்வேலிப் பக்கம், பீகார், ஒடிசா என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். வந்து சேரும்போது பிள்ளைகள் ஆளுக்கொரு பாஷை பேசும். சில மாதத்தில் எல்லாம் ஒரே பாஷைக்கு வந்துவிடும். பாட்னாவில் பிறந்த ஒரு பொடியன் என்னிடம் வந்து, "ஏனுங்க டீச்சர், இவன் என்னைய கடிச்சுப்போட்டானுங்க" என்று புகார் சொல்லும்போது எனக்குக் கோபம் வராது, முத்தம் கொடுக்கத்தான் தோன்றும். கடித்தவனுக்கு மட்டும் ஒரு அதட்டல்.

பனியன் கம்பெனிப் பிள்ளைகளுக்கென்றே சில வியாதிகள் உண்டு. மூக்கில் பட்டன் போட்டுக்கொள்வது அதில் ஒன்று. அம்மாவின் பைக்குள் எப்படியோ ஒரு பட்டன் இருக்கும், அது எப்படியோ மூக்குக்குப் போகும். ஒருத்தனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடி, அவர் அதை எடுத்துத் தட்டில் போட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அன்றிலிருந்து காலையில் பிரார்த்தனை முடிந்ததும் எல்லோரும் மூக்கைத் தொட்டு, "இது காஜா ஓட்டை இல்லீங்க" என்று சொல்ல வேண்டும். பட்டன் போட வேண்டிய இடம் சட்டையில் இருக்கிறது, மூஞ்சியில் இல்லை. இது அவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது.

பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான். சுவரில் மாட்டச் சொல்லி ஒரு படம் கொடுத்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு ஆள் மிட்டாயை நீட்டிக்கொண்டு நிற்பான். கீழே "அந்நியருடன் போகாதே" என்று எழுதியிருக்கும். அதைக் காட்டி நான் தொண்டை கிழியப் பேசி முடித்ததும் ஒரு குட்டி எழுந்து கேட்டது: "இது எந்த மாமாங்க, டீச்சர்?"

அதற்கு நான் என்ன சொல்ல? இந்த ஊரில் பிள்ளைக்கு வாய் வந்த நாள் முதல் நாம் சொல்லித்தருவது என்ன? டீ கொண்டு வருபவர் மாமா, கேட்டில் நிற்பவர் தாத்தா, ஆட்டோக்காரர் அண்ணா, துணி ஏற்றிக்கொண்டு வரும் டெம்போக்காரரும் மாமா. "மாமாவுக்கு டாட்டா காட்டு கண்ணு." "அண்ணன் கொடுத்தா வாங்கிக்க சாமி, மூஞ்சியத் தூக்கக் கூடாது." யாரைப் பார்த்தாலும் "வாங்க" என்று சொல்லாவிட்டால் பெற்றவளுக்கு அவமானம். இப்படி ஊரையே உறவாக்கி வைத்துவிட்டு, அந்நியரோடு போகாதே என்றால் பிள்ளை எங்கே போய் ஒரு அந்நியரைத் தேடும்?

சோதித்தே பார்த்துவிடலாம் என்று, கம்பெனிக்கு டீ கொண்டு வருபவரிடம் சொல்லி வைத்தேன். அவர் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "மயில் பாக்கப் போலாமா கண்ணு, யாரு வாரீங்க?" என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் மறைந்து நின்று பார்த்தேன். எவனாவது ஒருத்தன் மாட்டேன் என்று சொல்வானா என்றால், இல்லை. மொத்தமும் செருப்பைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டது. வரிசையில் நிற்க நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன், அதை மட்டும் ஒழுங்காகச் செய்தார்கள். ஒருத்தி தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். டீக்காரர் சிரித்துச் சிரித்துக் கேனைக் கீழே வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மாவோடு மட்டும்தான் போக வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஷிப்மெண்ட் நெருங்கினால் அம்மாக்கள் சாயங்காலம் வர முடியாது, ஓவர்டைம் இருக்கும். பக்கத்து லைன் வீட்டுக்காரி வருவாள், கொழுந்தன் வருவான், சில நாள் வீட்டு ஓனரே வண்டியில் வருவார். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் முகத்தை வைத்துச் சட்டம் போட முடியாது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் கட்டிங் செக்ஷனில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் வேஸ்ட் துணிதான் கை கொடுத்தது.

காலையில் பிள்ளையை விட வரும்போது, மூட்டையிலிருந்து அம்மாவும் பிள்ளையுமாக ஒரு துணித் துண்டை எடுக்க வேண்டும். நான் அதை நீளமாக வெட்டி இரண்டாக்குவேன். ஒரு பாதியைப் பிள்ளையின் மணிக்கட்டில் தளர்வாகக் கட்டிவிடுவேன். மறு பாதி அம்மாவிடம் இருக்கும். சாயங்காலம் யாரை அனுப்பினாலும் அந்தப் பாதியைக் கொடுத்தனுப்ப வேண்டும். வந்தவர் மாமாவோ மந்திரியோ, துண்டு ஒத்துப்போனால்தான் பிள்ளை கதவைத் தாண்டும். ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் பிள்ளைதான், நான் இல்லை. வீட்டுக்குப் போகுமுன் இரண்டையும் குப்பைக் கூடையில் போட்டுவிட வேண்டும், நாளைக்கு வேறு துண்டு. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். பிள்ளைகளுக்கோ இதைவிட நல்ல விளையாட்டு கிடைக்கவில்லை. சொந்தச் சித்தியையே கதவுக்கு வெளியே நிறுத்தி, "துணி காட்டுங்க" என்று கேட்பதில் அவர்களுக்கு இருந்த சந்தோஷம் இருக்கிறதே!

அதில் பெரிய அதிகாரி ஒருத்தி இருந்தாள். நான்கு வயது. அம்மா செக்கிங்கில் வேலை, திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அந்தக் குட்டி துண்டைக் கையில் வாங்கினால் அப்படியே பார்க்காது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்து, மணிக்கட்டுத் துண்டோடு ஒட்ட வைத்து, தலையைச் சாய்த்துப் பார்க்கும். அம்மா வேலையைப் பற்றி வீட்டில் பேசுவதைக் கேட்டு வந்த பழக்கம். சாயப்பட்டறையில் ஒரே சிவப்பை இரண்டு முறை போட்டால் இரண்டு சிவப்பாகத்தான் வரும். ஒரு முறை போட்டு எடுத்தது ஒரு லாட். உடம்புக்கு ஒரு லாட்டும் கைக்கு வேறு லாட்டும் வைத்துத் தைத்துவிட்டால் அந்தப் பனியன் ரிஜெக்ட். அதைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் அவள் அம்மாவின் வேலை. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது சும்மா இல்லை.

சென்ற வருடம் ஒரு ஷிப்மெண்ட் வாரம். பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கி எழுந்திருந்த நேரம். கம்பிக் கதவுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். புதுச் சட்டை, சென்ட் வாசனை, ஒரு கையில் அவர் இடுப்பு உயரத்துக்கு ஒரு கரடி பொம்மை. மறு கையில் சிவப்புப் பனியன் துண்டு.

"டீச்சர், நான் இவ அப்பா" என்று அந்தக் குட்டியைக் காட்டினார். "சவூதியில இருந்து இப்பந்தான் வாரேன். ஞாயித்துக்கிழமதான் வாரதா இருந்தது, முன்னாடியே டிக்கெட் கெடச்சிட்டு. அவளுக்கு போன் போட்டா எடுக்கல. பக்கத்து வீட்டுல, இந்தத் துணி இல்லாமப் போனா புள்ளைய விட மாட்டாவன்னு சொன்னாவ. அடுக்களைல ஆணில தொங்கிக்கிட்டு இருந்தது, எடுத்துட்டு வந்துட்டேன்."

செக்கிங்கில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. குட்டி தவழ்ந்துகொண்டிருந்தபோது விட்டுப்போன மனிதர். நடுவில் ஒரு முறை வர இருந்தது, வேலை மாறியதில் நடக்காமல் போய்விட்டது. இதெல்லாம் அவள் அம்மா என்னிடம் சொன்னவைதான். ஒரு மாத லீவில் அவர் வரப்போவதையும் சொல்லியிருந்தாள். அவர் சொல்லாமலே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அதே நெற்றி, அதே விரிந்த காது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

குட்டி அலட்டிக்கொள்ளவில்லை. கம்பி வழியே துண்டை வாங்கியது. ஜன்னலுக்குப் போனது. தலையைச் சாய்த்தது. மேலே வைத்துப் பார்த்தது, கீழே வைத்துப் பார்த்தது. பிறகு திரும்பி வந்து துண்டை அவரிடமே நீட்டியது.

"இது வேற லாட்டுங்க."

அவருக்குப் புரியவில்லை. சிவப்புக்குச் சிவப்பு சரியாகத்தானே இருக்கிறது என்று என்னைப் பார்த்தார். நான் வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அவர் கொண்டு வந்தது முந்தின நாள் துண்டு. கூடையில் போட மறந்து அவள் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். அது கொஞ்சம் கருஞ்சிவப்பு. பிள்ளையின் கையில் இருந்தது மிளகாய்ச் சிவப்பு.

"கண்ணு, நான் அப்பாடா" என்றார் அவர். குனிந்து கம்பிக்குள் கையை நீட்டினார். குட்டி ஓரடி பின்னால் போய் என் சேலையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு மெதுவாக வெளியே போனது. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"நீங்க எங்கப்பா இல்லீங்க" என்றாள், மரியாதை குறையாமல். "எங்கப்பா இவ்ளோ பெருசு இல்லீங்க. எங்கப்பா போன்ல இருக்காரு."

கம்பெனியில் எவ்வளவு சத்தம் இருந்தாலும் சில வார்த்தை தனியாகக் கேட்கும். அவர் கரடியைத் தரையில் உட்கார வைத்தார். "டீச்சர், பாஸ்போர்ட் காட்டவா? எம் புள்ளயத் தூக்குறதுக்கு நான் யாருக்கிட்ட கேக்கணும்?" என்றார். குரல் உயர்ந்துதான் இருந்தது, ஆனால் பாதியிலேயே உடைந்துவிட்டது.

சொல்கிறேன், அந்த நிமிடம் கதவைத் திறந்து பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிடத்தான் என் உடம்பு துடித்தது. எத்தனை வருடம் இந்த நாளுக்காக வெயிலில் வெந்திருப்பார். ஆனால் என் சேலையைப் பிடித்திருந்த அந்தக் கை இறுகிக்கொண்டே இருந்தது. துண்டு ஒத்துப்போகவில்லை என்று பிள்ளை சொல்லிவிட்டது. சரியாகச் சொல்லியிருக்கிறது. அதற்குப் பிறகும் நான் தூக்கிக் கொடுத்தால், பெரியவர்கள் நினைத்தால் உன் பேச்சு செல்லாது என்றுதான் அதற்குப் புரியும். இன்றைக்கு நிற்பவர் அப்பா. இன்னொரு நாள் வேறு யாரோ நின்று நிஜமாகவே சொந்தக்காரர் மாதிரி பேசினால்? வேலியே பயிரை மேயக் கூடாது.

"கோவிச்சுக்காதீங்க" என்றேன். "நீங்கதான் அப்பான்னு எனக்குத் தெரியுதுங்க. ஆனா புள்ள வேண்டாங்குதே, நான் எப்படிங்க குடுக்கறது? அவங்கம்மாவ வரச்சொல்றேன், சித்த நேரம் இருங்க." காப்பக ஆயாவைச் செக்கிங்குக்கு ஓடச் சொன்னேன். போன வேகத்தில் திரும்பி வந்தார். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் வந்து அதைப் பரிசோதிக்கிறாராம், முடிய அரை மணி நேரமாவது ஆகுமாம், செய்தியை மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். ஆண்களைக் காப்பகத்துக்குள் விடக் கூடாது என்பது கம்பெனி உத்தரவு. ஒரு நாற்காலியைக் கதவுக்கு வெளியே போட்டேன். அவர் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து, அந்த ஒத்துப்போகாத துண்டை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

பார்க்கச் சகிக்கவில்லை எனக்கு. பிள்ளை என்ன சொன்னது என்று மறுபடி யோசித்தேன். சட்டென்று என் போனை எடுத்தேன். "ஏனுங்க, உங்க நம்பர் சொல்லுங்க" என்று கேட்டு வாங்கி, வீடியோ கால் போட்டேன். அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் போனைத் தூக்கிப் பிடித்தார்.

குட்டியின் கையில் என் போனைக் கொடுத்தேன்.

"அப்பா!" என்று ஒரு கூவல். முகமெல்லாம் பல். "அப்பா, சாப்ட்டியா? அப்பா, நான் இன்னிக்கு முட்ட முழுசா தின்னேன். எப்ப வருவ?"

"வந்துட்டேன்மா" என்றார் அவர். அந்தக் குரல் போனிலும் வந்தது, கதவுக்கு அந்தப் பக்கமிருந்தும் வந்தது. குட்டி போனைப் பார்த்தது. நிமிர்ந்து கம்பியைப் பார்த்தது. "சிரி" என்றது போனிடம். வெளியே நின்றவர் சிரித்தார். "நாக்க நீட்டு." போனில் இருந்தவர் நீட்டினார், எதிரே நின்ற பெரிய ஆளும் நீட்டினார். அவள் போனைத் தாழ்த்தி, அவரை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"அப்பா, உனக்குக் காலு இருக்குதா?" என்று கேட்டாள்.

நான் அழுதுவிட்டேன். மறைப்பானேன், பிள்ளைகள் எல்லாம் பார்க்கத்தான் அழுதேன். அவர் பேன்ட்டைச் சற்றுத் தூக்கிக் காலைக் காட்டினார். குட்டி கம்பிக் கதவருகே போய், கையை வெளியே விட்டு முழங்காலைத் தொட்டுப் பார்த்தது. அவர் குனிந்து கொடுத்தார். பிறகு மூக்கு, பிறகு காது. எல்லாம் சரியாக இருந்தது போலிருக்கிறது. அவர் கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

உடனே அவள் தலையை ஆட்டினாள். "ம்ஹும். துணி சேரலல்ல? நான் வெளிய வரக் கூடாது." கொஞ்சம் யோசித்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீ உள்ள வா."

நான் சொல்லிக்கொடுத்த சட்டத்தில் பிள்ளை வெளியே போகக் கூடாது என்றுதான் இருந்தது. அப்பா உள்ளே வரக் கூடாது என்று அதில் ஒன்றும் இல்லை. கம்பெனி உத்தரவில் இருந்தது. அதற்கு எவன் வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று தாழ்ப்பாளை நானே திறந்தேன். "செருப்பக் கழட்டு" என்றாள் அவரிடம். "வெளிய இருந்து வந்தா கை கழுவோணும். வா, நான் சோப்பு தாரேன்." சுட்டுவிரலைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். குட்டையான குழாய், பிள்ளைகள் உயரத்துக்கு வைத்தது. அவர் முழங்காலிட்டு உட்கார்ந்துதான் கழுவ முடிந்தது. விரலிடுக்கில் தேய்க்கவில்லை என்று அதட்டினாள். அவர் மறுபடி தேய்த்தார். கழுவக் கழுவ அவர் கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது, அதை அவள் கண்டுகொள்ளவில்லை.

அரை மணி நேரம் கழித்து அவள் அம்மா ஓடி வந்தாள். தலையெல்லாம் நூல் பிசிறு, மூச்சு வாங்கியது. வந்த வேகத்தில், பழக்கம் விடுமா, மிளகாய்ச் சிவப்புத் துண்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் அதைப் பார்க்கவில்லை, உள்ளே கை காட்டினேன். பாயில் பிள்ளைகளுக்கு நடுவே அவர் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மகள், தோளில் பீகார்ப் பொடியன். அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். துண்டு கையிலிருந்து விழுந்தது.

குட்டி மடியை விட்டு இறங்காமல் அங்கிருந்தே கத்தியது.

"அம்மா, அப்பா போன்ல இருந்து வெளிய வந்துட்டாரு!"